நாற்பது பஸ் வந்துபோகும் ஊர்

வாங்கிய கடனைத் திருப்பிக் கட்ட வழியில்லை என்று நாடு கையை விரித்த செய்தி வானொலியில் வந்து, அதற்கடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிபோல, இரட்டைமருதடி பஸ் நிலையத்துக்குள் முதன்முதலாக ஒரு பஸ் வந்து நின்றது. கட்டித் திறந்து பதினொரு வருஷமாகியும் அதற்குள் ஒரு பஸ்கூட வந்ததில்லை. பதினெட்டு பஸ் வரிசையாக நிற்கலாம், கூரை உண்டு, உட்காரச் சீமெந்து வாங்குகள் உண்டு, நான்கு முகத்திலும் நான்கு நேரம் காட்டுகிற மணிக்கூட்டுக் கோபுரமும் உண்டு; ஆனால் திறந்துவைத்த பெரியவரின் பெயர் வெட்டிய கல்லைத் தாங்கும் தூணை வாசலுக்கு நட்டநடுவே எழுப்பிவிட்டார்கள், அதனால் எந்தச் சாரதியும் அதற்குள் வண்டியைத் திருப்பச் சம்மதிக்கவில்லை. ஒரு நாளைக்கு இரண்டே தடவை வருகிற பஸ் பழையபடி வீதியோரத்து மருதமரங்களின் கீழ் நின்றுவிட்டுப் போகும். நிலையத்துக்குள் ஆடுகள் படுத்திருக்கும், பெண்கள் செத்தல் மிளகாய் காயப்போடுவார்கள். அன்றைக்கு வந்த பஸ்ஸோ தூணையும் கல்லையும் ஒரு பொருட்டாகவே எண்ணாமல் அதற்கு ஊடாகவே உள்ளே வந்து, ஆடுகளை எழுப்பாமல், மூன்றாவது தரிப்பில் அடக்கமாக நின்றது.

அதிலிருந்து முப்பத்தேழு பேர் இறங்கினார்கள். எல்லாருக்கும் அறுபது எழுபது வயதிருக்கும், தலை வெள்ளை, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாகக் காலை வைத்து இறங்கினார்கள், ஒருவரும் இன்னும் பிறந்திருக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வந்து ஏத்துவன்" என்று சொல்லிவிட்டுச் சாரதி போய்விட்டான்.

விஷயத்தை முதலில் தெரிந்துகொண்டவள் மிளகாய் அள்ளிக்கொண்டிருந்த பத்து வயதுக் கம்சிகா. வழுக்கைத் தலைக் கிழவர் ஒருவர் அவளுக்கு முன்னால் வந்து நின்று, கண் கலங்கி, "அம்மம்மா" என்றார். கம்சிகா திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே ஒரு ஆடுதான் நின்றது.

"உங்களைத்தான். நான் அகரன். உங்கட மகளின்ர மகன்."

"எனக்கு இன்னும் மகள் இல்லை."

"ஓம், தெரியும். அவசரமில்லை" என்றார் அகரன்.

கம்சிகா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எதைச் சொல்லித் தன்னைக் கேலி செய்வார்களோ அதே விடைத்த காதுகள் அவர் தலையின் இரு பக்கமும் நின்றன. அதன்பிறகு கேட்க ஒன்றுமிருக்கவில்லை. அவரைக் கையில் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

இந்த இடத்தில் இரஞ்சிதமலரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் அந்த ஊரின் கிராம சேவகர், முப்பத்தெட்டு வயது, கல்யாணம் பேசிப் பேசித் தள்ளிப்போய், கடைசியில் தாயும் செத்தபிறகு பேசுவதற்கும் ஆளில்லாமல் போனவள். கொழும்பில் மாடிமேல் மாடியாக இருக்கிற அரசாங்கம் இரட்டைமருதடிக்கு வந்து சேரும்போது ஒரு மேசை, ஒரு ரப்பர் முத்திரை, ஒரு லேடீஸ் சைக்கிள் என்று மெலிந்து, இரஞ்சிதமலராகத்தான் வந்து சேரும். ஆகவே சமையல் காஸ் இல்லையென்றாலும் அவளைத்தான் ஏசுவார்கள், கோதுமை மா விலை ஏறினாலும் அவளைத்தான் ஏசுவார்கள், மண்ணெண்ணெய் வரிசையில் ஐந்து மணித்தியாலம் நின்று வெறும் கானோடு திரும்புகிறவன் அவள் வேலிப் படலைக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவான். அவளும் எல்லாவற்றுக்கும் "ஓம் அண்ணை" என்று சொல்லிப் பழகிவிட்டாள்.

ஊருக்குள் முப்பத்தேழு பேர் வந்தால் பதியவேண்டும். இரஞ்சிதமலர் பிரதேச செயலகத்துக்கு போன் எடுத்தாள். அங்கிருந்த எழுதுவினைஞர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவை டீசல் கேப்பினமோ மிஸ்?" என்றார். இல்லை என்றாள். "அப்ப ஒரு பிரச்சினையும் இல்லை. தற்காலிக விருந்தினர் படிவத்தில போடுங்கோ. பிறந்த திகதியை வெறுமையா விடுங்கோ, உறவு எண்ட இடத்தை மட்டும் கட்டாயம் நிரப்புங்கோ" என்றார்.

பத்து மணி வெயிலில் நிலையத்துக்குள் மேசையைப் போட்டு அவள் எழுதத் தொடங்கினாள். பேரன், பேத்தி, பூட்டப்பிள்ளை. மூக்கைப் பார்த்து, நடையைப் பார்த்து, இருமலைக் கேட்டு ஊர் தன் தன் ஆளைப் பிரித்தெடுத்துக்கொண்டது. கடைக்காரத் தெய்வேந்திரத்தின் பேத்தி, இறங்கியதும் இறங்காததுமாக அவர் கடைத் தராசைப் பார்த்து, "இது அப்பவே சரியில்லையோ?" என்று கேட்டதால் அவளை அடையாளம் காண்பதில் சிரமமே இருக்கவில்லை. மத்தியானத்துக்குள் முப்பத்தாறு பேர் போய்விட்டார்கள்.

மிஞ்சியது ஒரு கிழவி. மெல்லிய உடம்பு, இறுக்கி முடிந்த கொண்டை, கையில் ஒரு துணிப்பை. கடைசியிலிருந்து மூன்றாவது வாங்கில், தன் வீட்டுக் கதிரையில் இருப்பதுபோலச் சாவகாசமாக இருந்தாள்.

"பேர் என்ன ஆச்சி?"

"பாக்கியம்."

அகரன், நிவீனா, தர்ஷ் என்று எழுதிவந்த பேனா ஒரு கணம் நின்றது. செத்துப்போன இரஞ்சிதமலரின் தாயின் பெயரும் அதுதான். ஆனால் ஒரு காலத்தில் அந்தப் பக்கத்தில் வீட்டுக்கொரு பாக்கியம் இருந்ததால் அவள் அதை மேலே யோசிக்கவில்லை.

"ஆற்றை பிள்ளை நீங்கள்? எந்த வீட்டு ஆள்?"

கிழவி சிரித்தாள், சொல்லவில்லை. உறவு என்ற இடம் வெறுமையாகவே நின்றது. தனக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று இரஞ்சிதமலருக்குக் காலையிலேயே தெரியும்; அப்படித் தெரிந்திருந்தும் ஒவ்வொருவர் மேசைக்கு வரும்போதும் அவர்களின் முகத்தை ஒருமுறை பார்த்ததை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆளில்லாத இரண்டு பேர், ஒரு வீட்டில் இருக்கலாம்தானே என்று கிழவியைத் தன்னோடு கூட்டிப்போனாள். வாசலுக்கு வந்ததும் கிழவி எட்டி, நிலைக்கு மேலேயிருந்த திறப்பை எடுத்துக் கதவைத் திறந்தாள். அந்த ஊரில் எல்லாரும் திறப்பை அங்கேதான் வைப்பார்கள் என்று இரஞ்சிதமலர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஊர் அவர்களோடு பழகிப்போக இரண்டு நாள்கூடச் செல்லவில்லை. பால்மா இல்லாத, பேக்கரிப் பாண் பாதியாகச் சுருங்கிய நாட்கள் அவை. முருங்கையிலையும் மரவள்ளியுமாகச் சமைத்து எல்லா வீடுகளிலும் ஒரு கோப்பை கூடுதலாகப் போட்டார்கள். தன்னைவிட அறுபது வயது மூத்த பேரனுக்குக் கம்சிகா பல்லில்லாத பக்கம் பார்த்துக் கிழங்கை மசித்துக் கொடுத்தாள், அவர் குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் வந்தால் ஏசினாள், "அம்மம்மா, அம்மம்மா" என்று அவர் பின்னால் போக அவள் பாவாடையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு முன்னால் நடந்தாள். பத்தொன்பது வயதுப் பையன்கள் நரைத்த தாடிக்காரர்களுக்குப் புத்தி சொன்னார்கள். பிறக்கப்போகிறவர்களுக்கு வாத நோய் வரும் என்று தெரிந்ததால் தாய்மார்கள் இப்போதே எண்ணெய் காய்ச்சி முழங்காலில் தேய்த்துவிட்டார்கள்.

அவர்கள் ஏன் வந்தார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கேட்டது குலசேகரம் மாஸ்டர். ஓய்வுபெற்ற வாத்தியார், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர், எதையும் கூட்டம் போட்டுக் கேட்டால்தான் அவருக்குத் திருப்தி. எல்லாரும் பஸ் நிலையத்தில் கூடினார்கள். அகரன் எழுந்து சொன்னார்.

"உந்தக் கடனை நாங்கள் இன்னும் கட்டுறம். கட்டி முடியிற வயசில இருக்கிற ஆக்கள்தான் வந்தனாங்கள்."

அவ்வளவுதான், ஊருக்கு வாய் திறந்துகொண்டது. நாங்களில்லை ராசா, நாங்களில்லை என்று தொடங்கி, ஒரே நாளில் உரத்தை நிறுத்தி வயலைக் காயவிட்டவர்களைச் சொன்னார்கள், வரியைக் குறைத்துவிட்டுப் பெட்டி வெறுமையாய்க் கிடக்கிறதென்று தலையில் கை வைத்தவர்களைச் சொன்னார்கள், போவார் வருவார் இல்லாத இடங்களில் பளிங்குத் தளம் போட்டவர்களைச் சொன்னார்கள், முப்பது வருஷமாகக் காசைக் குண்டாக மாற்றி எங்கள் தலையிலேயே போட்டவர்களைச் சொன்னார்கள், ஒரு கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன் எடுத்தவர்களையும், எடு எடு என்று சிரித்துச் சிரித்துக் கொடுத்த வெளிநாடுகளையும் சொன்னார்கள், சொல்லச் சொல்ல வெயில் தாழ்ந்து, ஆடுகள் எழுந்து தாமாகவே வீட்டுக்குப் போய்விட்டன.

வந்தவர்கள் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். கடைசியில் தெய்வேந்திரத்தின் பேத்தி, "உதெல்லாம் உண்மைதான். எங்களுக்கு எட்டாம் ஆண்டுப் புத்தகத்தில இருந்தது, பேர் பேராப் பாடமாக்கிச் சோதினை எழுதினனாங்கள்" என்றாள்.

"அப்ப பிறகென்ன கேக்க வந்தனீங்கள்?" என்றார் மாஸ்டர்.

"கேக்க இல்லை, பாக்க. வாழ்நாள் முழுக்கக் கட்டினமே, அதில எங்கட ஊருக்கு என்ன வாங்கினவை எண்டு ஒருக்காக் கண்ணால பாத்திட்டுப் போவமெண்டு."

அந்தக் கடனில் இரட்டைமருதடிக்கு வந்து சேர்ந்தது ஒன்றே ஒன்றுதான், அதற்குள்தான் எல்லாரும் இருந்தார்கள். முப்பத்தேழு பேரும் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார்கள், பதினெட்டுத் தரிப்பையும் எண்ணினார்கள், தூணைப் பார்த்தார்கள்.

"இதுக்குள்ள பஸ் வாறேல்லையோ அம்மம்மா?" என்று அகரன் மெல்லக் கேட்டார்.

"வாறேல்லை."

"அப்ப ஆர் கேட்டுக் கட்டினவை?"

கம்சிகாவின் உதடு நடுங்கியது. "எனக்குத் தெரியாது. நானும் அப்ப பிறக்கேல்லை" என்றாள்.

கிழவர் அவள் தலையைத் தடவி, "சரி, சரி. நானும்தான்" என்றார்.

இரஞ்சிதமலரின் நெஞ்சில் அது தைத்தது. யார் கேட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த சந்தியில் பன்னிரண்டு பஸ் நிற்கிற நிலையம் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே, எங்களுக்குப் பதினெட்டு வேண்டும் என்று ஊர் ஒரே காலில் நின்றது. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான அவளைக் கொண்டு கடிதம் எழுதுவித்தார்கள், இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்து வைத்தார்கள். அதன் பிரதி அவளுடைய அலுமாரியில் இருந்தது. அதில் ஒரு வரி அவளுக்கு மட்டும் தெரிந்த வரி. அதைச் சொன்னால் ஊரில் தன்னோடு முகம் கொடுத்துப் பேச ஒருவரும் இருக்கமாட்டார்கள், ஏற்கெனவே வீட்டில் ஒருவரும் இல்லை. திங்கள் முழுக்க அவள் அதை நினைத்துச் சாப்பிடவில்லை. செவ்வாய் பின்னேரக் கூட்டத்தில் கடிதம் இருந்த கோப்பைத் திறந்து உரக்க வாசித்தாள்.

"எமது ஊருக்கு நாளாந்தம் நாற்பது பேருந்துகள் வந்துசெல்வதாலும்..."

"என்ன? நாற்பதோ?" என்றார் மாஸ்டர்.

"ஓம் மாஸ்டர். ஒரு நாளைக்கு ரெண்டெண்டு எழுதினா ஒருத்தரும் தரமாட்டினம் எண்டு நான்தான் அப்பிடி எழுதினனான்."

"நான் கையெழுத்து வைக்கேக்க உதை வாசிக்கேல்லைப் பிள்ளை."

"ஒருத்தரும் வாசிக்கேல்லை மாஸ்டர்."

யார் காரணம் என்று பதினொரு வருஷமாகத் தெரியாமலிருந்த ஊருக்கு இப்போது ஆள் கிடைத்துவிட்டது. நாட்டின் கடன் முழுவதையும் அந்த ஒரு வரியில் அவளே வாங்கியதுபோல முகங்கள் திரும்பின. தெய்வேந்திரம் எழுந்து சால்வையை உதறிவிட்டுப் போனார். அவளைப் பார்த்தால் வழமையாக ஒரு பிளேன்டீயாவது ஊற்றிக் கொடுக்கிற பக்கத்து வீட்டுக்காரியும் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்து அவள் குசினி வாசலில் இருந்து அழுதாள். கிழவி பாக்கியம் திருவலையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வந்த நாள் முதல் அவள் ஒருவரை மட்டுந்தான் எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை, அது இரஞ்சிதமலரை.

"உண்மையா நாற்பதெண்டோ எழுதினீங்கள்?" என்றாள் கிழவி.

"ஓம் ஆச்சி."

கிழவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தும் முடியாமல், தேங்காய்ப் பாதியை மடியில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அழுதுகொண்டிருந்த இரஞ்சிதமலருக்கும் அது தொற்றிக்கொண்டது.

புதன்கிழமைக்குள் ஊரின் கோபம் ஆறி வெட்கமாக மாறியது, வெட்கம் ஒரு யோசனையாக மாறியது. கடையில் வாங்கின சாமான் பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுப்பதில்லையா? நிலையத்தை உடைத்து, கல் கல்லாக, கம்பி கம்பியாக லொறியில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டால், கடன் தந்த நாட்டுக்காரனுக்கு அவன் பொருள் போய்ச் சேரும், பிள்ளைகளின் தலையிலிருந்து அந்தளவு பாரமாவது இறங்கும். இதை மாஸ்டர் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. வந்தவர்களின் முழங்காலுக்கு எண்ணெய் போட்ட கைகள் அவை. எதையாவது செய்யாமல் அந்தக் கைகளால் சும்மா இருக்க முடியவில்லை. அரசாங்கச் சொத்து என்பதால் கிராம சேவகரின் கையெழுத்து வேண்டும் என்று கடதாசியோடு வந்தார்கள். இரஞ்சிதமலர் ஒரு எழுத்தும் விடாமல் வாசித்தாள், பிறகு சந்தோஷமாகக் கையெழுத்து வைத்தாள். தன் பொய் கூரையோடு தூணோடு லொறியேறிப் போகட்டும் என்றிருந்தது அவளுக்கு.

வியாழன் காலை அலவாங்குகளோடும் சம்மட்டிகளோடும் ஊரே வந்தது. ஏழு மணிக்குத் தொடங்க நினைத்தார்கள், தொடங்க முடியவில்லை. கடைசியிலிருந்து மூன்றாவது வாங்கில் கிழவி பாக்கியம் இருந்தாள். எழும்பச் சொன்னார்கள், எழும்பவில்லை. அகரன் வந்து சொன்னார், எழும்பவில்லை. "உங்கட ஆள்தானே, நீங்கள் வந்து சொல்லுங்கோ" என்று இரஞ்சிதமலருக்கு ஆள் அனுப்பினார்கள்.

அவள் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்து கிழவிக்குப் பக்கத்தில் இருந்தாள். "ஆச்சி, எழும்புங்கோ. உடைக்கப் போகினம்."

கிழவி அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உடைக்காதேங்கோ அம்மா" என்றாள். "பிறகு நான் எங்க கிடப்பன்?"

இரஞ்சிதமலருக்கு முதலில் விளங்கவில்லை. கிழவி அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள். "என்னைப் பெத்தவ ஆரெண்டு எனக்குத் தெரியாது. நல்ல மழையாம். இந்த வாங்கில சீலைத்துணியில சுத்தி வைச்சிட்டுப் போட்டா. சுத்துவட்டாரத்தில வேற எங்க இவ்வளவு பெரிய கூரை இருக்கு? ஒரு துளி படேல்லையாம். மழை விடுறதுக்கு முன்னம் நீங்கள் குடையோட வந்து தூக்கினீங்களாம்."

"நானோ?" என்றாள் இரஞ்சிதமலர். "அந்த மழைக்குள்ள நான் ஏன் இஞ்ச வந்தனான்?"

"நானும் எத்தினையோ தரம் கேட்டனான். நீங்கள் சொல்லேல்லை, சிரிப்பீங்கள்."

"எந்த வருஷம்? எந்த மாதம் பிள்ளை?" ஆச்சி என்ற சொல் அவள் வாயிலிருந்து தானாகவே கழன்று விழுந்திருந்தது.

கிழவி தலையை ஆட்டினாள். "சொன்னா மற்ற மழைக்கு வரமாட்டீங்கள்."

அலவாங்கோடு நின்றவர்கள் பொறுமையிழந்தார்கள். "என்ன பிள்ளை, தொடங்குவமோ?" என்றார் மாஸ்டர்.

இரஞ்சிதமலர் எழுந்தாள். முந்தின நாள் சந்தோஷமாகக் கையெழுத்து வைத்த கடதாசியை மாஸ்டரின் கையிலிருந்து வாங்கி இரண்டாகக் கிழித்தாள்.

"உடைக்க வேண்டாம் மாஸ்டர். நான் எழுதினது பொய், நீங்கள் வாசிக்காமல் வைச்சது கையெழுத்து, தந்தவங்கள் தந்தது கொள்ளை வட்டிக்கு, அதில ஒண்டும் மாறாது. ஆனா என்ர பிள்ளை இந்த வாங்கிலதான் கிடக்கும்."

ஐந்து நாளில் ஊர் எவ்வளவோ பழகியிருந்தது. யார் பிள்ளை, எப்போது, எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வொருவராக அலவாங்கைக் கீழே வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து வாங்கின் மேலிருந்த ஆட்டுப் புழுக்கையைச் சேலைத் தலைப்பால் தட்டிவிட்டாள். தெய்வேந்திரம் நிமிர்ந்து கூரையைப் பார்த்து, "அதில ஒரு தகடு கிளம்பியிருக்கு, அடிக்கோணும்" என்றார்.

ஆனால் கொண்டுவந்த சம்மட்டிகளைச் சும்மா திருப்பிக் கொண்டுபோக மனம் வராததால், எல்லாருமாகச் சேர்ந்து வாசல் தூணை உடைத்தார்கள். பெயர் வெட்டிய கல்லைத் துறைமுகத்து முகவரி எழுதி லொறியில் ஏற்றினார்கள். அதை யாராவது ஏற்றுக்கொண்டார்களா என்று தகவலில்லை, கடன் ஒரு சதமும் குறைந்ததாகவும் தெரியவில்லை. ஆனால் அன்று பின்னேரம் நாலரை மணி பஸ், வழி திறந்திருப்பதைப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, உள்ளே திரும்பியது.

வெள்ளிக்கிழமை, முப்பத்தேழு பேரையும் கொண்டுவந்து இறக்கிய அந்தப் பஸ் வந்தது. கம்சிகா தன் பேரனுக்கு வழியில் தின்னக் கிழங்கு கட்டிக் கொடுத்து, "தலையை வெளியில நீட்டக்கூடாது" என்று சொல்லி, பஸ் ஏற்றிவிட்டுத்தான் அழுதாள். கிழவி பாக்கியம் கடைசியாக ஏறினாள்.

"கடன் கட்டினதில எனக்கு வருத்தமில்லை எண்டு சொல்லமாட்டன், அம்மா" என்றாள் படியில் நின்று. "வருத்தம்தான். எத்தினை நாள் ஏசியிருப்பன். ஆனா என்ர பங்கை மட்டும் இந்தக் கூரைக்கெண்டு நினைச்சுக் கட்டினனான்."

பஸ் போனபிறகு இரஞ்சிதமலர் கந்தோருக்கு வந்து, முப்பத்தேழாவது படிவத்தை எடுத்து, வெறுமையாகக் கிடந்த உறவு என்ற இடத்தில் 'மகள்' என்று எழுதி முத்திரை குத்தினாள். பிறந்த திகதி வெறுமையாகவே இருந்தது.

அதற்குப் பிறகு காஸ் வந்தது, போனது, மா வந்தது, அரசாங்கங்கள் மாறின, விலைகள் இறங்கவில்லை, ஊர் பழையபடி அவளைத்தான் ஏசியது. இரட்டைமருதடியில் இப்போதும் வானம் கறுத்து முதல் துளி விழுந்ததும், கிராம சேவகர் செய்துகொண்டிருக்கிற வேலையை அப்படியே விட்டு எழும்புவார். முன்னால் நிற்கிறவர்களும் ஒன்றும் சொல்லாமல் வழி விடுவார்கள். ஒரு குடையும், மார்போடு அணைத்த ஒரு காய்ந்த துவாயுமாக அவர் பஸ் நிலையத்துக்கு நடந்துபோய், கடைசியிலிருந்து மூன்றாவது வாங்கைப் பார்ப்பார். இன்றைக்கு இல்லையென்றால் துவாயை மடித்துக்கொண்டு, மழை விடும்வரை அதில் இருந்துவிட்டு வருவார்.